சாக்கு தீர்ந்த பிறகும் ஆட்டம் தீராதவர்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் கூடிக் கதை படிக்கிற சிறு வட்டம் எங்களுடையது. பாதிப் பேர் எழுதுகிறவர்கள், பாதிப் பேர் வாசிக்க மட்டும் வருகிறவர்கள். எந்தக் கதையை எடுத்தாலும் பேச்சு சுற்றிச் சுற்றி ஒரே கேள்விக்கு வந்துவிடுகிறது: "அவனுக்கு நடந்த அநியாயம்தான் அப்பவே சரியாயிடுச்சே, அப்புறமும் ஏன் இப்படிப் பண்றான்?" புதிதாக வருகிறவர்களும் இதையே கேட்பதால் பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். பல கதைகளின் முடிவு இதில் வெளியாகிவிடும். முடிவு தெரிய வேண்டாம் என்பவர்கள் அந்தந்தக் கேள்வியைத் தாண்டிப் போய்விடுங்கள்.

சாக்கு தீர்ந்தவர் என்று யாரைச் சொல்கிறீர்கள்?

ஒருவன் தப்புச் செய்யத் தொடங்கும்போது கதை அவனுக்கு ஒரு காரணம் கொடுத்து அனுப்பும். அப்பாவைக் கொன்றுவிட்டார்கள், வர வேண்டிய பதவி வரவில்லை, காதலை மறுத்துவிட்டார்கள், வைத்தியத்துக்குப் பணமில்லை. நாமும் "பாவம், வேறென்ன செய்வான்" என்று அவன் பக்கம் சாய்ந்துவிடுவோம். பாதி வழியில் அந்தக் காரணம் போய்விடும். கொன்றவன் செத்திருப்பான், பதவி கைக்கு வந்திருக்கும், பணம் கட்டுக் கட்டாகச் சேர்ந்திருக்கும். ஆனாலும் அவன் நிறுத்த மாட்டான். அதுவரை அவன் செய்ததை அவனுக்கு நடந்ததன் கணக்கில் எழுதலாம். அதற்குப் பிறகு செய்வதெல்லாம் அவனுடைய சொந்தக் கணக்கு. அவன் யார் என்று தெரிவதும் அங்கேதான்.

பிறந்ததிலிருந்தே கெட்டவனாக வருகிறவன் இந்தக் கூட்டத்தில் சேர மாட்டான். காரணம் கடைசிவரை உயிரோடு இருக்கிற கதைகளும் வேறு வகை.

கச்சிதமான ஒரே ஒரு உதாரணம் சொல்லுங்கள்.

இயாகோ. ஷேக்ஸ்பியரின் 'ஒத்தெல்லோ' 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதப்பட்ட நாடகம். தளபதி ஒத்தெல்லோ தன் துணைத்தளபதி பதவியை இயாகோவுக்குத் தராமல் காசியோவுக்குக் கொடுத்துவிடுகிறான். திரை விலகியதுமே இயாகோவின் புலம்பல் இதுதான்: களத்தில் அடிபட்டவன் நான், ஏட்டில் போர் படித்தவனுக்குப் பதவியா? அலுவலகத்தில் பதவி உயர்வு கைநழுவிப் போன யாருக்கும் இந்தப் புலம்பல் அந்நியமாக இருக்காது.

அவன் காசியோவைக் கவிழ்க்கிறான். ஒத்தெல்லோவின் மனைவி டெஸ்டிமோனாவுக்கும் காசியோவுக்கும் முடிச்சுப் போட்டுக் கதை கட்டுகிறான். மூன்றாம் அங்கத்தின் மூன்றாம் காட்சி முடிகிற இடத்தில் ஒத்தெல்லோ சொல்கிறான்: இனி நீதான் என் துணைத்தளபதி. கேட்டது கிடைத்தாகிவிட்டது. நாடகத்தில் இன்னும் இரண்டு அங்கம் பாக்கி இருக்கிறது. அந்த இரண்டு அங்கத்திலும் இயாகோ முன்பைவிட மும்முரமாக வேலை பார்க்கிறான். மனைவியைக் கொல்ல விஷம் கொண்டுவா என்று ஒத்தெல்லோ கேட்கும்போது, விஷம் வேண்டாம், படுக்கையிலேயே கழுத்தை நெரித்துவிடுங்கள் என்று யோசனை சொல்கிறவன் இவன்தான். பதவி கிடைக்காத கோபம் இதில் எங்கே இருக்கிறது?

காரணமில்லாத தீமை தனக்கு ஒரு காரணத்தைத் தேடி அலைகிறது என்ற பொருளில் ஆங்கிலக் கவிஞர் கோல்ரிட்ஜ் இவனைப் பற்றி எழுதி வைத்திருக்கிறார். கடைசியில் ஏன் செய்தாய் என்று கேட்கிறார்கள். இனி ஒரு வார்த்தையும் பேச மாட்டேன் என்கிறான். சொல்ல எதுவும் மிச்சமில்லை என்பது என் கட்சி.

நம் ஊர்க் கதைகளில் அப்படி யாரும் இல்லையா?

ஹாங் ஜெபாட் இருக்கிறானே! இந்த நாட்டில் பள்ளிக்கூடம் போன எல்லாருக்கும் தெரிந்த பெயர். ஆனால் முழுக்கதையையும் படித்தவர்கள் குறைவு என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

'ஹிக்காயாட் ஹாங் துவா' என்ற பழைய மலாய்க் காவியம் சொல்கிறபடி, அரண்மனைப் பெண்ணோடு தொடர்பு என்று பொறாமைக்காரர்கள் மூட்டிவிட்ட பழியை நம்பி, ஜெபாட்டின் நண்பனான வீரன் ஹாங் துவாவைக் கொல்லச் சொல்லி மலாக்கா மன்னர் கட்டளையிடுகிறார். பெண்டஹாரா, அதாவது முதலமைச்சர், அவனைக் கொல்லாமல் ஒளித்து வைக்கிறார். அது யாருக்கும் தெரியாது. துவாவின் இடமும் அவனுடைய தாமிங் சாரி என்ற கிரிஸ் கத்தியும் ஜெபாட்டுக்கு வருகின்றன. விசாரணையில்லாமல் நண்பனைக் கொன்ற அரசனுக்கு எதிராக ஜெபாட் கிளர்ந்தெழுகிறான். அரண்மனையைப் பிடித்துக்கொள்கிறான். மன்னர் வெளியேறிப் பெண்டஹாராவின் வீட்டில் தங்க வேண்டியதாகிறது. இதுவரை ஜெபாட்டின் பக்கம் நிற்க யாருக்கும் தயக்கம் இருக்காது. அரண்மனைப் பெண்களிடம் அவன் நடந்துகொள்வதை மட்டும் கதை சொல்கிறவர்கள் அவசரமாகத் தாண்டிப் போய்விடுவார்கள்.

பிறகு துவா உயிரோடு வந்து எதிரே நிற்கிறான். சாக்கு தீர்ந்துபோகிற தருணம் இதைவிடத் தெளிவாக எந்தக் கதையில் வரும்? நீ உயிரோடு இருப்பது தெரிந்திருந்தால் இதைச் செய்திருக்கவே மாட்டேன் என்று ஜெபாட் தன் வாயாலேயே சொல்கிறான். சொல்லிவிட்டுச் சண்டையைத் தொடர்கிறான். கெட்ட பெயர் வாங்கியாகிவிட்டது, அதை எதற்குப் பாதியில் விடுவது என்பது அவன் வாதம். நம் ஆட்கள் "முழுக்க நனைந்த பிறகு முக்காடு எதற்கு" என்பார்களே, அதேதான்.

அதற்குப் பிறகு நடப்பதுதான் எனக்கு முக்கியம். குத்துப்பட்ட ஜெபாட் காயத்தைத் துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டு தெருவில் இறங்குகிறான். மூன்று நாள் ஊருக்குள் வெறியாட்டம். எதிரில் வந்தவர்களையெல்லாம் வெட்டிச் சாய்க்கிறான். கடைசியில் துவாவின் மடியில் உயிரை விடுகிறான். அந்தத் தெருவில் செத்தவர்களுக்கும் துவாவுக்கு நடந்த அநியாயத்துக்கும் என்ன சம்பந்தம்? 1961இல் வந்த 'ஹாங் ஜெபாட்' படம் அவனை நாயகனாக்கியது. அதற்கு முன் 1956இல் பி. ராம்லி துவாவாக நடித்த படமே, யார் சரி, ஜெபாட்டா நானா என்று துவா கேட்பதோடு முடியும். மன்னனை எதிர்த்த ஜெபாட் பெரியவன் என்பதில் எனக்கும் மறுப்பில்லை. அந்த மூன்று நாளை மட்டும் என்னால் அவனுக்குத் தள்ளுபடி செய்ய முடியவில்லை.

ஒரு கொசுறு: மலாய் வரலாற்று நூலான 'செஜாரா மெலாயு'வில் இதே கிளர்ச்சியைச் செய்கிறவன் ஹாங் கஸ்தூரி. கோலாலம்பூரில் இவர்கள் மூவருக்கும் சாலை உண்டு. துவாவுக்கு எல்.ஆர்.டி. நிலையமும் சேர்ந்து கிடைத்திருக்கிறது. கலகக்காரர்களில் ஜெபாட்டின் பெயர் நெகாரா அரங்கத்தின் பக்கமும் கஸ்தூரியின் பெயர் சென்ட்ரல் மார்க்கெட் ஓரத்திலும் இருக்கின்றன.

மகாபாரதத்தில் யார்?

எடுத்தால் ஒரு கூடை நிறைய வரும். முதலிடம் அசுவத்தாமனுக்கு.

அவனுக்கு நடந்தது பெரிய அநியாயம். "அசுவத்தாமன் இறந்தான்" என்ற பாதிப்பொய்யைக் கேட்டு ஆயுதத்தைக் கீழே வைத்த துரோணரின் தலையைத் திருஷ்டத்யும்னன் வெட்டினான். மகன் பழிவாங்கக் கிளம்பினால் எந்தக் காலத்து வாசகனும் அவனைத் தடுக்க மாட்டான். போர் முடிந்த இரவில், ஆலமரத்தில் உறங்குகிற காக்கைகளை ஓர் ஆந்தை கொன்று போடுவதைப் பார்க்கிறான். அதையே பாடமாக எடுத்துக்கொண்டு பாண்டவர் பாசறைக்குள் நுழைகிறான். முதலில் போவது திருஷ்டத்யும்னன் படுத்திருக்கும் கூடாரத்துக்கு. ஆயுதத்தால் கொன்றுவிடு என்று அவன் கெஞ்சியும் கேட்காமல் மிதித்தே கொல்கிறான்.

அப்பாவைக் கொன்றவன் செத்துவிட்டான். அசுவத்தாமன் அப்போதே வெளியே வந்திருக்கலாம், வாசலில் கிருபரும் கிருதவர்மனும் காத்துக்கொண்டிருந்தார்கள். அவன் அடுத்த கூடாரத்துக்குப் போகிறான். திரௌபதியின் ஐந்து பிள்ளைகளும் அன்றிரவு சாகிறார்கள். அதுவும் போதவில்லை. பிடிபடும் நேரத்தில் ஏவிய அஸ்திரத்தைத் திரும்ப அழைக்கத் தெரியாமல், அதைப் பாண்டவர் வீட்டுப் பெண்களின் கருவை நோக்கித் திருப்பிவிடுகிறான். துரோணரின் பெயரில் தொடங்கிய பழி, இன்னும் பிறக்காத குழந்தை வரை வந்து நிற்கிறது. நெற்றி மணியைப் பிடுங்கிக்கொண்டு, மூவாயிரம் ஆண்டு தனியாக அலையச் சொல்லிச் சபித்து அனுப்புகிறார்கள்.

துரியோதனனைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பங்கு கேட்கிறார்கள் என்பதுதான் அவனுடைய குறை. சூதில் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு அவர்களைக் காட்டுக்கும் அனுப்பியாகிவிட்டது. இனி நிம்மதியாக ஆள வேண்டியதுதானே? மாடு கணக்கெடுக்கப் போகிறோம் என்று அப்பாவிடம் பொய் சொல்லிவிட்டு, அவர்கள் படும் பாட்டை வேடிக்கை பார்க்கக் காட்டுக்கே போகிறான். போன இடத்தில் கந்தர்வர்களிடம் மாட்டிக்கொள்ள, பாண்டவர்களே வந்து அவிழ்த்துவிடும்படி ஆகிறது. ஜெயித்த பிறகும் தோற்றவனைப் போய்ப் பார்த்தே ஆக வேண்டும் என்கிற ஆட்களை நாம் கல்யாண வீடுகளில் பார்த்திருக்கிறோம்.

பரசுராமர்?

அவரும்தான். அப்பா ஜமதக்னியைக் கொன்றவர்கள் கார்த்தவீரியனின் மகன்கள். அவர் அழித்தது இருபத்தொரு தலைமுறை க்ஷத்திரியர்களை. முன்னோர்கள் நேரில் வந்து போதும் என்று சொல்ல வேண்டியிருந்தது.

கர்ணன்?

கர்ணனைத் தொட்டால் கூட்டம் இரண்டாகப் பிரிந்துவிடும், தேநீர் ஆறிவிடும். சுருக்கமாகச் சொல்கிறேன். தேரோட்டி மகன் என்ற அவமானத்துக்கு அங்க நாட்டு மகுடம் முழு மருந்தாகிவிடாது, அதனால் அவன் சாக்கு முழுக்கத் தீரவில்லை. ஆனால் சபையில் திரௌபதியைப் பற்றி அவன் பேசியதற்கு எந்தச் சாக்கும் இல்லை. துரியோதனனை மகிழ்விக்கப் பேசிய கடுஞ்சொற்களுக்காக வருந்துகிறேன் என்று பின்னால் கிருஷ்ணனிடம் அவனே சொல்கிறான். இந்தப் பட்டியலில் தன் கணக்கைத் தானே பார்த்தவர்கள் குறைவு. அதனால் அவனுக்கு என்னிடம் கொஞ்சம் சலுகை உண்டு.

கண்ணகியை இந்தப் பட்டியலில் சேர்ப்பீர்களா? பாண்டியன்தான் செத்துவிட்டானே, மதுரையை ஏன் எரித்தாள்?

அதிகம் சண்டை வந்த கேள்வி இது. "கண்ணகியைப் போய் இவங்களோட சேர்க்கலாமாண்ணே?" என்று எழுந்து போகப் பார்த்தவர்களும் உண்டு. கேள்வி நியாயமானதுதான். வழக்குரை காதையில் சிலம்பு உடைகிறது, மாணிக்கம் தெறிக்கிறது, "யானோ அரசன் யானே கள்வன்" என்று பாண்டியன் விழுந்து சாகிறான். தேவியும் விழுகிறாள். அதற்குப் பிறகுதான் "ஒட்டேன் அரசோடு ஒழிப்பேன் மதுரையும்" என்ற வஞ்சினம் வருகிறது. குற்றவாளி ஒப்புக்கொண்டான், தண்டனையும் தனக்குத் தானே கொடுத்துக்கொண்டான். மேலோட்டமாகப் பார்த்தால் அசுவத்தாமனின் இரண்டாவது கூடாரம் மாதிரிதான் இருக்கிறது.

நான் சேர்க்க மாட்டேன், பக்தியால் அல்ல. ஊர்சூழ் வரியைத் திரும்பப் படியுங்கள். அரண்மனைக்குப் போவதற்கு முன்பே, கணவன் உடலைக் கண்டு அழும்போதே அவள் ஊரைக் கேட்கிறாள்: இந்த ஊரில் பெண்டிரும் உண்டுகொல், சான்றோரும் உண்டுகொல், தெய்வமும் உண்டுகொல்? அவள் வழக்கு முதலிலிருந்தே மன்னன் ஒருவன் மேல் மட்டும் இல்லை. வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்ற ஊர் மேலும் இருந்தது. மன்னன் செத்ததில் வழக்கின் பாதிதான் தீர்ந்தது. இளங்கோவடிகள் இதை நமக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டார், நாம்தான் வழக்குரை காதையின் வேகத்தில் மறந்துவிடுகிறோம்.

இன்னொன்றும் உண்டு. தீக்கடவுள் வந்து யாரை விட வேண்டும் என்று கேட்கும்போது அவள் வரிசையாகச் சொல்கிறாள்: பார்ப்பார், அறவோர், பசு, பத்தினிப் பெண்டிர், மூத்தோர், குழவி. கோபத்தின் உச்சியில் நிற்கிற பெண் குழந்தைகளை விலக்கி வைக்கிறாள். அசுவத்தாமன் குழந்தைகளைத் தேடிப் போனான். இந்த வேறுபாடு எனக்குப் போதும். அந்தப் பட்டியலில் இல்லாத சாதாரண மதுரைக்காரன் கதி என்ன என்று நீங்கள் கேட்டால், அது நல்ல கேள்வி. ஒரு சிறுகதையே எழுதலாம்.

சூரபத்மன்?

கந்த சஷ்டிக்குக் கோயிலில் சூரசம்ஹாரம் பார்க்கிறோம். தலை மாறி மாறி வருவதும் மாமரமாகி நிற்பதும்தான் கண்ணில் நிற்கிறது. கந்தபுராணத்தில் கச்சியப்பர் அதற்கு முன்னால் ஒரு நுட்பமான இடம் வைத்திருக்கிறார். சூரனின் சாக்கு என்ன? எதிரில் நிற்பது ஒரு சின்னப் பையன், இவனுக்கா நான் பணிவது என்பது. முருகன் பேருருவம் காட்டுகிறான். சூரன் உருகிப்போகிறான். பாலன் என்று நினைத்திருந்தேன், இவ்வளவு என்று உணரவில்லை என்று தானே சொல்கிறான். அந்தக் கணத்தில் சாக்கு அடியோடு போய்விட்டது. பேருருவம் மறைகிறது. மறைந்ததும் பழைய ஆணவம் திரும்பி வந்து மறுபடி சண்டைக்கு நிற்கிறான். ஞானம் வந்து போனதற்குப் பிறகும் சண்டை போடுகிறவன், ஞானமே வராதவனைவிடப் பயங்கரமானவன். அவனையும் வேலால் பிளந்து சேவலாகவும் மயிலாகவும் ஏற்றுக்கொண்டது முருகன் பெருந்தன்மை. நானாக இருந்தால் மாமரத்தோடு விட்டிருப்பேன்.

சினிமாவில்? நீலாம்பரிதானே?

இல்லை. 'படையப்பா' 1999இல் வந்தது, இன்றும் நீலாம்பரி பெயரைச் சொன்னாலே கைதட்டல் வருகிறது. ஆனால் அவளுடைய சாக்கு தீரவே இல்லை. காதலித்தவன் தன் வீட்டு வேலைக்காரப் பெண்ணைக் கட்டிக்கொண்டான் என்ற காயத்தோடு 18 ஆண்டு அறைக்குள் அடைந்து கிடந்து, அதைக் கெடாமல் பார்த்துக்கொண்டவள் அவள். தீர்ந்ததற்குப் பிறகு ஆடுவது ஒன்று, தீரவிடாமல் காப்பது இன்னொன்று. இரண்டாவதற்கு அவளை மிஞ்ச ஆளில்லை.

மெகா தொடர் வில்லிகளையும் பலர் கேட்கிறார்கள். சொத்துப் பத்திரம் கைக்கு வந்துவிட்டது, பிரிந்த பிள்ளை திரும்பிவிட்டது, ஆனாலும் மருமகளின் பாலில் எதையாவது கலக்கிக்கொண்டே இருப்பார். அதற்குக் காரணம் பாத்திரத்தில் இல்லை. நாளைக்கும் எட்டரை மணி வரும்.

கபாலி நம் ஊர்க் கதையாச்சே, அவர்?

பாதிக்குப் பாதி. 2016இல் வந்த படம். தோட்டத் தமிழர்களின் உரிமைப் பேச்சில் தொடங்கி, கும்பல் தலைவராகி, 25 ஆண்டு சிறையிலிருந்து வெளியே வருகிறார் கபாலி. மனைவியைக் கொன்றுவிட்டார்கள் என்ற நெருப்பு உள்ளே இருக்கிறது. அப்புறம் மகள் கிடைக்கிறாள், புதுச்சேரியில் மனைவியும் உயிரோடு கிடைக்கிறாள். அந்தச் சந்திப்புக் காட்சியோடு படம் முடிந்திருந்தால் அது வேறு படம். அவர் கோலாலம்பூருக்குத் திரும்பி வந்து டோனி லீயின் கணக்கை முடிக்கிறார்.

எதிரிகள் இன்னும் துப்பாக்கியோடு துரத்துவதால் சாக்கு முழுக்கத் தீர்ந்தது என்று சொல்ல முடியாது. படமும் கடைசிக் காட்சியில் ஒரு துப்பாக்கிச் சத்தத்தோடு கேள்வியைத் திறந்து விட்டுவிடுகிறது. மலேசியத் திரையரங்குகளில் ஓடிய பிரதியில், கபாலி போலீசில் சரணடைந்துவிட்டதாக எழுத்து போட்டு அதை மூடிவிட்டார்கள். இரண்டு மணி நேரத்துக்கு மேல் சரணடையாத மனுஷன் ஒரு வரியில் சரணடைந்தார்.

வெளிநாட்டுத் தொடர்களில் யாரைப் பார்க்கலாம்?

'பிரேக்கிங் பேட்', 2008 முதல் 2013 வரை வந்தது. வேதியியல் ஆசிரியர் வால்டர் வைட்டுக்குப் புற்றுநோய். குடும்பத்துக்குப் பணம் சேர்த்துவிட்டுச் சாக வேண்டும் என்று போதைப்பொருள் காய்ச்சத் தொடங்குகிறார். சாக்கு ஒரு தடவை இல்லை, பல தடவை தீர்கிறது. தொடக்கத்திலேயே பழைய நண்பர்கள் வைத்தியச் செலவை ஏற்கிறோம் என்கிறார்கள், மறுத்துவிடுகிறார். பிறகு நோய் பின்வாங்குகிறது. பிறகு எண்ண முடியாத அளவுக்குப் பணம் ஒரு கிடங்கறையில் குவிந்து கிடக்கிறது. ஒவ்வொரு தடவையும் "குடும்பத்துக்காக" என்றே சொல்கிறார். கடைசிப் பகுதியில்தான் மனைவியிடம் ஒப்புக்கொள்கிறார்: எனக்காகத்தான் செய்தேன், எனக்குப் பிடித்திருந்தது. இயாகோ சொல்ல மறுத்த பதிலை இவர் சொல்லிவிடுகிறார்.

இளையவர்கள் ஹாரி பாட்டர் கதையின் ஸ்னேப்பைக் கேட்பார்கள். பள்ளியில் தன்னைக் கொடுமைப்படுத்தியவன் செத்துப் பல ஆண்டு ஆன பிறகு அவன் மகனைப் படுத்துகிறார். சரி, முகச்சாடை என்று வைத்துக்கொள்வோம். அந்த நெவில் பையன் என்ன பாவம் செய்தான்?

வில்லனுக்கு ஒரு சோகமான முன்கதை கொடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா?

சகுனிக்கு நம் மக்கள் அதைச் செய்து பார்த்திருக்கிறார்கள். காந்தார அரச குடும்பத்தைச் சிறையில் போட்டு, ஆளுக்கு ஒரு பருக்கை மட்டும் போட்டார்கள். எல்லாரும் தங்கள் பங்கைச் சகுனிக்குக் கொடுத்து அவனைப் பிழைக்க வைத்தார்கள். செத்த தகப்பனின் எலும்பில் செய்ததுதான் அந்தப் பகடை. கேட்டால் மயிர்க்கூச்செறியும். வியாசரில் இது கிடையாது, வாய்வழிக் கதை. நல்ல கதைதான். ஆனால் இதைச் சேர்த்ததும் சகுனி வேறு ஆளாகிவிடுகிறான்: மருமகனுக்காகச் சூதாடியவன் போய், மருமகன் குலத்தையே அழிக்க வந்தவனாகிறான். அப்படியானால் கௌரவர்களின் அழிவு உறுதியானதும் அவன் எழுந்து போயிருக்க வேண்டும். போகவில்லை, போர்க்களத்தில் கடைசிவரை நின்று செத்தான். முன்கதை கேள்வியைத் தீர்ப்பதில்லை, வேறு இடத்துக்கு நகர்த்துகிறது. எழுதுகிறவர்கள் கவனிக்கவும்.

நான் எழுதும் கதையில் இப்படி ஒருவன் இருக்கிறான். வாசகர்கள் "எழுத்தாளர் மறந்துவிட்டார்" என்கிறார்கள். என்ன செய்ய?

அடிக்கடி வருகிற சிக்கல். சாக்கு தீர்ந்தது கதைக்குள் நடந்திருக்கும், ஆனால் அந்தப் பாத்திரத்தின் கண்ணில் பட்டிருக்காது. பட்டும் அவன் விலகிப் போனால் அது பாத்திரம். படவே இல்லையென்றால் அது பிரதியின் ஓட்டை.

வட்டத்தில் ஒருவர் கொண்டுவந்த கதையைச் சொல்கிறேன், அவர் அனுமதியோடுதான். செந்தூலில் அண்ணன் தம்பி. அம்மாவின் சங்கிலியைத் தம்பி அடகு வைத்துவிட்டான். அண்ணன் அவனை வீட்டுக்குள் விடுவதில்லை, மகள் கல்யாணத்துக்குச் சொல்லவில்லை, தம்பி லாரி ஓட்டும் இடத்து முதலாளியிடம் போய் வத்தி வைக்கிறான். பாதிக் கதையில் தம்பி சங்கிலியை மீட்டுக் கொண்டுவந்து கொடுக்கிறான். அண்ணன் வாங்கி மேசைமேல் வைக்கிறான். அடுத்த பக்கத்திலும் அதே கோபம், அதே வத்தி. வாசித்த எல்லாரும் இங்கே தடுக்கி விழுந்தார்கள்.

அடுத்த பிரதியில் அவர் ஒரு பத்தி சேர்த்தார். மறுநாள் அண்ணன் சங்கிலியை எடுத்துக்கொண்டு மஸ்ஜித் இந்தியா பக்கம் ஒரு நகைக்கடைக்குப் போகிறான். எடை போடச் சொல்கிறான். எடை சரியாக இருக்கிறது. "இன்னொரு தடவை போடுங்க தம்பி" என்கிறான். அதே எடை. வெளியே வந்து கடை முன் நடைபாதையான ஐந்தடி வழியில் நின்று வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்க்கிறான். கொக்கி கொஞ்சம் பளபளப்பாக இருக்கிறது. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதே மனைவியிடம் சொல்கிறான்: "கொக்கிய மாத்திட்டான்."

இப்போது யாரும் தடுக்கி விழவில்லை. பழைய சாக்கு போனதும் அவனுக்குத் தெரிகிறது, புதிது தேடுவதும் நமக்குத் தெரிகிறது. "அவன் மனம் ஆறவில்லை" என்று எழுதியிருந்தால் இதில் கால்வாசிகூட வந்திருக்காது. மனைவி என்ன பதில் சொன்னாள் என்று அவர் எழுதாமல் விட்டதும் நல்லது. கதையில் யாராவது ஒருவர் "அதான் திரும்பக் குடுத்துட்டாரே" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்பவர்கள் உண்டு. சொல்லலாம், ஆனால் அந்த ஆள் கதையில் ஏற்கெனவே இருப்பவராக இருக்கட்டும். இதைச் சொல்வதற்கென்றே ஒரு பக்கத்து வீட்டுக்காரரைக் கூட்டி வராதீர்கள்.

சாக்கு தீர்ந்ததும் நிறுத்தியவர்கள் யாராவது உண்டா?

உண்டு, ஆனால் கதைகள் அவர்களிடம் அதிக நேரம் நிற்பதில்லை. கைகேயி. பரதனுக்கு அரசு வேண்டும் என்று கேட்டாள், பரதன் எனக்கு வேண்டாம் என்றுவிட்டான். அதோடு அவள் ஆட்டம் நின்றது. இராமனைத் திரும்ப அழைக்கக் கிளம்பிய கூட்டத்தில் அவளும் இருக்கிறாள். கம்பனில், கங்கைக் கரையில் குகனுக்குத் தாய்மாரை அறிமுகம் செய்யும் பரதன் இவளைப் பற்றிச் சொல்வதைக் கேட்டுப் பாருங்கள். பெற்ற மகன் ஓடக்காரனிடம் அப்படிச் சொல்கிறான், அவள் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

இன்னொருவர் மான்டி கிறிஸ்டோ கோமகன். 1844 முதல் 1846 வரை தொடராக வந்த டூமாவின் நாவல். செய்யாத குற்றத்துக்குச் சிறை போனவன் பெரும் பணக்காரனாகத் திரும்பி, ஒவ்வொருவராகப் பழிவாங்குகிறான். வில்போர் வீட்டில் ஒரு சின்னப் பையனும் செத்துக் கிடப்பதைப் பார்த்ததும் முதல் முறையாக அவனுக்குக் கை நடுங்குகிறது. கடைசி எதிரியை மன்னித்து விட்டுவிடுகிறான்.

பிள்ளைகளுக்கு இதைச் சொல்லித் தரலாமா?

தாராளமாக. மலாய்ச் சிறுவர் கதைகளில் வரும் தந்திரக்காரச் சருகுமான் சாங் கஞ்சிலின் கதையிலேயே இருக்கிறது. ஆற்றைக் கடக்க வேண்டும், அதற்காக முதலைகளை வரிசையாக நிற்க வைத்து எண்ணுவதாக ஏமாற்றுகிறது. அக்கரை போய்ச் சேர்ந்தாயிற்று. அப்புறம் எதற்குத் திரும்பி நின்று முதலைகளைக் கேலி செய்ய வேண்டும்? பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள், நம்மைவிட நேரடியாகப் பதில் சொல்வார்கள். "ஜாலிக்கு" என்பதுதான் பெரும்பாலும் வரும் பதில்.

எங்கள் வீட்டில் இப்படி ஒரு பெரியப்பா இருக்கிறார். என்ன செய்யலாம்?

இந்தப் பக்கம் கற்பனைப் பாத்திரங்களுக்கு மட்டும். பெரியப்பாவுக்கு என்னிடம் யோசனை எதுவும் இல்லை.

எதிலிருந்து படிக்கத் தொடங்குவது?

நேரம் குறைவு என்றால் சிலப்பதிகாரத்தில் ஊர்சூழ் வரி, வழக்குரை காதை, வஞ்சின மாலை மூன்றையும் இந்த வரிசையிலேயே படியுங்கள். உரையோடு ஒரு மாலைப் பொழுதில் முடியும். அடுத்து மகாபாரதத்தில் அசுவத்தாமனின் அந்த இரவு வருகிற சௌப்திக பர்வம், சின்னதுதான். பிறகு 'ஒத்தெல்லோ'. அதில் மூன்றாம் அங்கத்தின் மூன்றாம் காட்சி வந்ததும் நிறுத்தி, இயாகோவுக்கு இனி என்ன குறை என்று ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு மேலே போங்கள். கூட்டத்துக்கு வரும்போது அந்தத் தாளையும் கொண்டுவந்தால் பேச்சு சூடாக இருக்கும். ஹாங் ஜெபாட்டுக்கு மலாய் மூலம் கடினமாக இருந்தால், அரண்மனைச் சண்டைப் பகுதியை மட்டும் யாராவது உரக்கப் படிக்கக் கேளுங்கள். எங்கள் வட்டத்தில் ஓய்வுபெற்ற மலாய் ஆசிரியர் ஒருவர் படிப்பார், அன்றைக்கு மட்டும் கூட்டம் நேரத்துக்கு முடியாது.